கத்தோலிக்கப் பள்ளியில் இசையும் ஓவியமும்: ஜூன் முதல் ஏப்ரல் வரை ஒரு முழு வழிகாட்டி

நவம்பர் பிறந்தால் இசையறைக் கதவை யாராவது தட்டுவார்கள். "சார், ஆண்டு விழாவுக்கு மூணு வாரம்தான் இருக்கு. நல்லாப் பாடுற பிள்ளைங்க பத்துப் பேரை அனுப்புங்க." பத்துப் பேர் எழுந்து போவார்கள். மற்ற 35 பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தென்மாவட்டத்தில் அரசு உதவி பெறும் ஒரு கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளியில் இசையாசிரியராக இருந்த காலம் முழுவதும் எனக்கு உறுத்தியது அந்த 35 பேர்தான். அவர்களுக்கும் சேர்த்து ஒரு கல்வியாண்டை எப்படி நடத்துவது என்பதை இங்கே எழுதுகிறேன். புதிதாகப் பணியில் சேரும் இசை, ஓவிய ஆசிரியர்களுக்கும், அவர்களை நியமிக்கும் தாளாளர்களுக்கும், தலைமையாசிரியரான சிஸ்டர்களுக்கும் இது உதவலாம்.

படி 1: இரண்டு குழு என்று ஜூனிலேயே முடிவெடுங்கள்

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கப் பள்ளி ஒன்றின் வகுப்பறையில் எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். பல பள்ளிகளில் கத்தோலிக்கப் பிள்ளைகள் சிறு பகுதிதான். பாட்டு வகுப்பு என்றால் பூசைப் பாட்டு (திருப்பலியில் பாடும் பாட்டு) வகுப்பு என்று வைத்துவிட்டால், முதல் நாளே பாதி வகுப்பு உங்களுக்கு வெளியே நிற்கும்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனம் நடத்தும் உரிமையை அரசியலமைப்பின் 30(1) தருகிறது. அரசு ஏற்பு பெற்ற அல்லது அரசு நிதி பெறும் நிறுவனத்தில் படிக்கும் யாரையும் அவர் சம்மதம் இல்லாமல் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கெடுக்க வைக்கக் கூடாது என்கிறது 28(3). பிள்ளை சிறுவயது என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும்.

ஆகவே இரண்டு குழு வையுங்கள். ஒன்று, எல்லோருக்குமான பள்ளிப் பாடகர் குழு. காலைக் கூட்டம், சுதந்திர தினம், தமிழ் மன்றம், ஆண்டு விழா எல்லாம் இதன் பொறுப்பு. மற்றொன்று, விருப்பப்பட்டுச் சேருகிறவர்களின் பூசைக் கொயர், அதாவது பூசையில் பாடும் குழு. இரண்டாவதில் சேர வீட்டிலிருந்து ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக் கோப்பில் வையுங்கள். இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஆசையோடு கொயருக்கு வருவதுண்டு. வரட்டும், கடிதத்தோடு வரட்டும். "அவங்க அம்மா சரின்னுட்டாங்க சார்" என்று பிள்ளை சொன்னால் அது சம்மதம் ஆகாது. வாராந்திர இசை வகுப்புக்கு மட்டும் கடிதம் கேட்க வேண்டாம், அது பாடவேளை.

பொதுக்குழுவுக்கு என்ன பாடுவது என்று தவிக்க வேண்டியதில்லை. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை (1826-1889) கத்தோலிக்கர். அவர் இயற்றிய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் எந்தச் சமயத்தாரும் பாடக்கூடியவை. பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர் என்று தமிழ் ஐயா வகுப்பில் அந்தப் பெயர் எப்படியும் வரும். இசை வகுப்பிலும் அதே பெயர் வந்தால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

படி 2: ஆசிரியரைத் தேடுவது

கலை, இசை இரண்டுக்கும் சிறப்பாசிரியர் பணியிடம் இருக்கிறதா, காலியாக இருக்கிறதா என்று முதலில் அலுவலகத்தில் பாருங்கள். உதவி பெறும் பள்ளிகள் பலவற்றில் ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படாமலே கிடக்கும். அப்போது நிர்வாகமோ பெற்றோர் ஆசிரியர் கழகமோ தொகுப்பூதியம் கொடுத்து ஒருவரை வைக்கும்.

எங்கே தேடுவது? மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் குரலிசை, வயலின், மிருதங்கம் போன்றவற்றில் 3 ஆண்டுச் சான்றிதழ்ப் படிப்பு முடித்தவர்கள் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள். திருச்சியில் 1977-இல் தொடங்கப்பட்ட கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி கத்தோலிக்கப் பின்னணி கொண்டது. கர்நாடக இசையும் பரதமும் படித்து, பூசை ஒழுங்கும் அறிந்தவர்கள் அங்கிருந்து கிடைப்பார்கள். ஓவியத்துக்கு, அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் லோயர், ஹையர் ஓவியத் தேர்வுகளை முடித்து டி.டி.சி. (தொழில்நுட்ப ஆசிரியர் சான்றிதழ்) பயிற்சி பெற்றவர் என்றால் பள்ளிக்குப் போதும். சென்னை, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் பட்டம் பெற்றவர் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

பங்குக் கோவிலில் கீபோர்டு வாசிக்கிற தம்பியை அப்படியே பள்ளிக்குக் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள். வாசிப்பு நன்றாகவே இருக்கும். 45 பிள்ளைகளை 40 நிமிடம் உட்கார வைப்பது வேறு வித்தை. ஒரு மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லிவிட்டுப் பின் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். அவர் பாடிக் காட்டும் நேரத்தையும் பிள்ளைகளைப் பாட வைக்கும் நேரத்தையும் கைக்கடிகாரத்தில் குறித்துக்கொண்டால் முடிவு தானாகத் தெரிந்துவிடும்.

நியமிக்கும்போதே இன்னொன்றும் பேசிவிடுங்கள். தனிப்பயிற்சி கதவைச் சாத்திக்கொண்டு நடக்கக் கூடாது. அறைக் கதவில் கண்ணாடி இருக்கட்டும், அல்லது கதவு திறந்தே இருக்கட்டும். பள்ளி முடிந்த பிறகு ஒத்திகை என்றால் பெற்றோருக்கு நேரம் எழுதி அனுப்புங்கள்.

படி 3: பாடவேளையைக் காப்பாற்றுவது

6 முதல் 9 வரை ஒவ்வொரு பிரிவுக்கும் வாரம் இசைக்கு ஒரு பாடவேளை, ஓவியத்துக்கு ஒரு பாடவேளை. இதற்குக் குறைந்தால் எதுவும் ஒட்டாது. காலாண்டு, அரையாண்டு, மழை விடுமுறை, விளையாட்டு விழா எல்லாம் கழித்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 28 வகுப்பு கையில் நிற்கும் என்பது என் அனுபவக் கணக்கு. அந்த 28-க்குத்தான் திட்டம் போட வேண்டும், 40-க்குப் போட்டால் மார்ச்சில் அழ வேண்டியிருக்கும்.

கணக்கு ஆசிரியர் 'கடன்' கேட்பார். கொடுக்கலாம், ஆனால் ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள்: எந்த நாள், எந்தப் பிரிவு, திருப்பித் தரும் நாள் எது. நான் அந்த நோட்டுக்கு 'கடன் புத்தகம்' என்று அட்டையில் எழுதி ஆசிரியர் அறையில் ஆணியில் தொங்கவிட்டேன். முதல் மாதம் சிரித்தார்கள். இரண்டாம் மாதத்திலிருந்து கடன் குறைந்தது.

பத்தாம் வகுப்புக்குக் கலை வகுப்பு கேட்டுச் சண்டை போடாதீர்கள், கிடைக்காது. அவர்களுக்குப் பிரிவேளையில் இசையறையைத் திறந்து வைத்தாலே வருகிறவர்கள் வருவார்கள்.

படி 4: மேடையை மறந்துவிட்டுக் காலைக் கூட்டத்தில் கைவையுங்கள்

பள்ளி முழுவதும் தினமும் பாடுகிற ஒரே இடம் காலைக் கூட்டம். ஆண்டு விழாவில் பாடுவது ஒரு நாள், இங்கே 200 நாள். முதல் இரண்டு மாத உழைப்பை இங்கேதான் போட வேண்டும்.

தமிழ்த்தாய் வாழ்த்தை 2021 டிசம்பரில் மாநிலப் பாடலாக அரசு அறிவித்தது. மோகன ராகம், திசுர தாளம், 55 விநாடி என்று அரசாணையே சொல்கிறது. நாட்டுப்பண் 52 விநாடி. உங்கள் பள்ளியில் எவ்வளவு ஆகிறது என்று ஒரு நாள் கைபேசியில் அளந்து பாருங்கள். எங்களுக்கு முதல்முறை தமிழ்த்தாய் வாழ்த்து ஒரு நிமிடத்தைத் தாண்டிப் போனது. காரணம் மெதுவாகப் பாடியது அல்ல. ஒவ்வொரு அடி முடிந்ததும் மைக்கில் நின்ற பிள்ளை மூச்சு வாங்க, கூட்டம் அவளுக்காகக் காத்திருந்தது. மூச்சு எடுக்கும் இடங்களைக் கரும்பலகையில் கோடு போட்டுக் காட்டினேன், ஒரு வாரத்தில் சரியானது.

அடுத்தது சுருதி. பெரும்பாலான பள்ளிகளில் நன்றாகப் பாடும் பெண் பிள்ளைகள் மூன்று பேர் தங்களுக்கு வசதியாக 5 அல்லது 5.5 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) எடுப்பார்கள். உடனே ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் வாயை மூடிக்கொள்வார்கள். மேல் ஸ்தாயிக்கு அவர்களால் ஏற முடியாது, கீழ் ஸ்தாயியில் பாடினால் பாதாளத்துக்குப் போகும். ஒரு ஸ்தாயிக்குள் அடங்கும் பாட்டாக இருந்தால் 1 கட்டை அல்லது 2 கட்டையில் எடுத்துப் பாருங்கள். சின்னப் பிள்ளைகள் மேலேயும் குரல் உடைந்த பையன்கள் ஒரு ஸ்தாயி கீழேயும் சேர்ந்து பாடலாம். சுருதிப் பெட்டியை மைக் அருகில் வைத்து, பாட்டுக்கு முன் 5 விநாடி ஒலிக்க விடுங்கள். கைபேசியில் சுருதிச் செயலி இருந்தாலும் போதும். பதிவு செய்த பாட்டைப் போட்டுவிட்டு உதடு அசைக்கும் பழக்கம் இருந்தால் அந்த பென் டிரைவைக் கழற்றி உங்கள் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டுங்கள்.

படி 5: குரல், அதிலும் பையன்களின் குரல்

ஆறாம் வகுப்பின் முதல் 10 வாரத்துக்குப் புத்தகம் வேண்டாம். கத்துவதற்கும் பாடுவதற்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் போதும். தினசரிக் கூட்டத்தில் "சத்தமா!" என்று பழக்கப்பட்ட பிள்ளைகள் தொண்டையை இறுக்கித்தான் பாடுவார்கள். பாட்டை ஒருமுறை வாயை மூடி 'ம்' என்று முனகச் சொல்லுங்கள். பிறகு அதே மென்மையில் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். ஒரு சத்தம் பிறந்து மறையும், அதைக் கேட்டுத் திரும்பப் பாடும் விளையாட்டு ஐந்து நிமிடம். 'இவனுக்குச் சுருதி சேராது' என்று யாரையும் ஒதுக்காதீர்கள். சுருதி சேராத பிள்ளையின் குரலுக்கு நீங்கள் போய்ச் சேருங்கள். அவன் பாடுகிற அந்த ஒற்றைச் சுரத்தை நீங்கள் பாடுங்கள், பிறகு அரைப்படி மேலே கூட்டிப்போங்கள். எனக்குச் சிலரிடம் இதற்கு ஒரு பருவம் முழுவதும் ஆகியிருக்கிறது.

இனி மகரக்கட்டு. பழைய பாய்ஸ் நாடகக் கம்பெனிக்காரர்கள் பயந்த சொல் அது. பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்குள் பையனின் குரல்வளை வளர்ந்து, குரல்நாண்கள் நீண்டு தடித்து, குரல் கீழே இறங்குகிறது. நேற்று வரை கணீரென்று பாடியவன் இன்று பாதியில் பிசிறுவான். வகுப்பு சிரிக்கும். அந்தச் சிரிப்போடு பாட்டை விட்டவர்கள் எத்தனை பேர்! பங்குக் கோவிலில் பெரியவர்களின் கொயரில் ஆண் குரலுக்குத் தட்டுப்பாடு என்று புலம்புகிற ஊர்களில், எட்டாம் வகுப்பில் என்ன நடந்தது என்று விசாரித்துப் பாருங்கள்.

செய்ய வேண்டியது இது. எட்டாம் வகுப்பு தொடங்கும்போது, பிறகு ஒவ்வொரு பருவத்திலும், ஒவ்வொரு பையனும் வலியில்லாமல் எட்டும் மிகத் தாழ்ந்த சுரத்தையும் மிக உயர்ந்த சுரத்தையும் கீபோர்டில் கண்டுபிடித்து நோட்டில் எழுதுங்கள். ஒருவருக்கு ஒரு நிமிடம் போதும். உடையும் காலத்தில் பலருக்கு ஐந்தாறு சுரம்தான் வசப்படும். அந்த ஐந்தாறுக்குள் ஒரு தனி வரி எழுதிக் கொடுங்கள்: பாட்டு மேலே போகும்போது இவர்கள் 'ச'விலும் 'ப'விலும் நின்றுகொண்டிருக்கலாம். கர்நாடக இசைக்காரர்களுக்கு இது தம்பூரா, மேற்கத்திய இசைக்காரர்களுக்கு இது டிரோன், அதாவது விடாமல் ஒலிக்கும் அடிச்சுரம். பையனுக்கு இது கௌரவம். குழுவில் அவனுக்கு ஓர் இடம் இருக்கிறது. உடைந்து முடிந்த குரலோடு ஒன்பதாம் வகுப்பில் மெல்ல மேலே ஏற்றிக்கொள்ளலாம். தொண்டை வலிக்கிறது என்றால் அன்றைக்குத் தாளம் போடட்டும். வயலினோ கீபோர்டோ பழகத் தொடங்க இதைவிட நல்ல வயது கிடையாது.

படி 6: சரிகமவா, டோரேமீயா

இந்தக் கேள்வியில் கத்தோலிக்கப் பள்ளிகளில் நிர்வாகம் ஒரு பக்கமும் ஆசிரியர் ஒரு பக்கமும் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். "நம்ம ஸ்கூல்ல வெஸ்டர்ன்தான் இருக்கணும்" என்று ஒரு குரல். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, குழாய் ஆர்கனைப் போற்றுகிற அதே அதிகாரத்தில், மறைபரப்பு நாடுகளின் சொந்த இசை மரபுக்கும் உரிய மதிப்பும் இடமும் தரச் சொல்கிறது. பூசை தமிழுக்கு மாறியதும், மிருதங்கமும் வீணையும் கோவிலுக்குள் வந்ததும் இந்த வழியில்தான்.

என் முடிவு: ஆறு, ஏழாம் வகுப்புக்குச் சரளி வரிசையும் (கர்நாடக இசையின் தொடக்கச் சுரப் பயிற்சி) தாளமும். குரல் சுத்தமாகும், கை எண்ணப் பழகும். சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குவது மரபு. ஆனால் கீபோர்டும் பழக வேண்டிய பிள்ளைகளுக்கு அதே வரிசையைச் சங்கராபரண ராகத்திலும் பாட வையுங்கள். 1 கட்டையில் அது வெள்ளைக் கட்டைகளிலேயே முடிந்துவிடும், அதுவே அவர்களின் மேஜர் ஸ்கேல். எட்டாம் வகுப்பில் ஐந்து கோட்டு நோட்டேஷன். எளிதாகப் பிடித்துக்கொள்வார்கள், ஏனென்றால் சுரம் காதில் ஏற்கனவே இருக்கிறது.

இரண்டையும் இணைக்க ஒரு கதை உண்டு. பதினோராம் நூற்றாண்டில் அரெஸ்ஸோ நகரத்து கீதோ என்ற துறவி, பாடகர்களுக்குப் பாட்டு மனத்தில் நிற்கவில்லையே என்று தவித்தார். திருமுழுக்கு யோவான் மீதான ஒரு லத்தீன் பாட்டில் ஒவ்வொரு அடியும் ஒரு சுரம் மேலே தொடங்குவதைக் கவனித்து, அந்த அடிகளின் முதல் அசைகளையே சுரங்களுக்குப் பெயராக வைத்தார்: உத், ரே, மி, ஃபா, சோல், லா. உத் பின்னாளில் டோ ஆனது. டோரேமீ பிறந்தது ஒரு துறவியிடம் என்று சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை, பிறகு வீட்டில் போய்ச் சொல்கிறார்கள்.

தஞ்சையில் மருத்துவராக இருந்த ஆபிரகாம் பண்டிதரையும் (1859-1919) இங்கேயே அறிமுகப்படுத்துங்கள். அவர் சீர்திருத்த சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர். 1917-இல் வெளிவந்த அவருடைய கருணாமிர்த சாகரம் தமிழிசையின் சுருதிக் கணக்கைத் தேடிய பெருநூல்.

படி 7: கருவி வாங்கும் வரிசை

பணம் வந்தவுடன் பேண்டு செட் வாங்கும் ஆசை எல்லா நிர்வாகத்துக்கும் வரும். டிரம்மும் ட்ரம்பெட்டும் குடியரசு தினத்துக்கு வெளியே எடுக்கப்பட்டு, மீண்டும் அறைக்குள் போய்த் துருப்பிடிப்பதை எத்தனையோ பள்ளிகளில் பார்க்கலாம். வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் சுருதிப் பெட்டி, பிறகு 61 கட்டை உள்ள ஒரு நடுத்தரக் கீபோர்டு, பிறகு ஒரு ஹார்மோனியம், ஒரு தபேலா அல்லது டோலக், நாலு ஜோடி ஜால்ரா. கரண்டு போகிற ஊர் என்றால் ஹார்மோனியம் முதலில். வயலின் அதற்கு அப்புறம், அதுவும் ஆசிரியர் கிடைத்த பிறகு.

கீபோர்டில் உள்ள தானியங்கித் தாளத்தை முதல் ஆண்டு அணைத்தே வையுங்கள். ஒரு பட்டனை அழுத்தினால் டிரம், பேஸ், கிட்டார் எல்லாம் வந்துவிடும், கேட்பவர்களும் அசந்துவிடுவார்கள். அந்தத் தாளத்துக்கு ஓடிப் பழகிய பிள்ளைகள் அது நின்றதும் விழுந்துவிடுகிறார்கள்.

முன்னாள் மாணவர் சங்கத்திடம் உதவி கேட்கும்போது "இசைக்கு ஏதாவது செய்யுங்க" என்று கேட்காமல் பொருளின் பெயரும் விலைப்பட்டியலும் கொடுத்துக் கேளுங்கள். பழுதுபார்க்கும் செலவையும் அதில் ஒரு வரியாகச் சேருங்கள்.

படி 8: பூசைக் கொயர்

கொயருக்கு வழிபாட்டு ஆண்டுதான் பாடத்திட்டம். ஜூனில் உட்கார்ந்து, பள்ளியில் பூசை வைக்கும் நாள்களைப் பங்குத் தந்தையிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கல்வியாண்டுத் தொடக்கப் பூசை, ஆகஸ்ட் 15 மாதா விண்ணேற்புப் பெருவிழா (அன்றே சுதந்திர தினம் என்பதால் ஒத்திகை இடிக்கும்), செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள், பள்ளியின் பாதுகாவலர் திருநாள், கிறிஸ்துமஸ். நவம்பர் 22 இசைக்கலைஞர்களின் பாதுகாவலரான புனித செசிலியாவின் நாள். அன்று பூசைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஒரு சின்னக் கச்சேரி வைத்தால் ஆண்டு விழாவின் பாரம் பாதி இறங்கிவிடும்.

புது ஆசிரியர்கள் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்திலும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்திலும் வாரப் பூசையில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாட்டைப் பாடுவதில்லை, பெருவிழா வந்தால் பாடலாம். தவக்காலம் முழுவதும் அல்லேலூயா கிடையாது, நற்செய்திக்கு முன் வேறு வாழ்த்தொலி. தவக்காலத்தில் கருவி பாட்டைத் தாங்குவதற்கு மட்டும், தனியாக வாசித்து அழகு காட்டுவதற்கு அல்ல. நல்ல குரல் பிள்ளை ஒருத்தியிடம், முதல் வாசகத்துக்குப் பின் பாடும் பதிலுரைப் பாடலின் வசனங்களைக் கொடுத்துவிட்டு, பல்லவியைச் சபை முழுவதும் பாடும்படி எளிதாக வையுங்கள். கொயர் மட்டும் பாடி, சபை பார்வையாளராக நிற்கும் பூசை நமக்குப் பழகிப்போயிற்று. பள்ளியிலாவது அதை மாற்றலாம்.

ஆண்டுக்கு 12 புதுப் பாட்டுக்கு மேல் போகாதீர்கள். பாட்டுப் புத்தகத்தின் தேய்ந்த பக்கங்களைப் பார்த்தால் எது ஏற்கனவே தெரியும் என்று புரியும்.

படி 9: ஓவியம்

இது என் துறை அல்ல. பக்கத்து அறையில் இருந்த டிராயிங் மாஸ்டரிடம் பார்த்துக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

அவர் முதல் நாள் கரும்பலகையில் படம் போட மாட்டார். மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, தென்னை மரம் என்று எல்லாப் பிள்ளைகளும் வரையும் அந்தக் காட்சியை முதல் வகுப்பில் வரைய விட்டு, 45 தாள்களையும் சுவரில் ஒட்டுவார். ஒன்றும் பேச மாட்டார். எல்லாம் ஒரே படம் என்று பிள்ளைகளுக்கே தெரிந்து சிரித்துவிடுவார்கள். அடுத்த வாரம் ஆளுக்கு ஒரு வேப்பிலைக் கொத்து. "இதைப் பார்த்துப் போடு." அங்கிருந்து தொடங்கும்.

6-ஆம் வகுப்பில் இலை, செம்பு, செருப்பு. 2பி, 4பி பென்சிலும் சாதாரணத் தாளும் போதும். 7-இல் நிழலும் கன உருவமும். 8-இல் போஸ்டர் கலர். மூன்று முதன்மை நிறமும் வெள்ளையும் மட்டும் வாங்கிக் கொடுத்து மற்றதைக் கலக்க வைப்பார், செலவும் மிச்சம், நிற அறிவும் வரும். 9-இல் வெளியே உட்கார்ந்து வரைதல். கத்தோலிக்கப் பள்ளிக்கு இதில் ஒரு வசதி உண்டு: பெரும்பாலும் வளாகத்திலோ பக்கத்திலோ ஒரு கோவில் இருக்கும். வளைவுகள், தூண்கள், கண்ணாடி ஓவியங்கள், சுரூபங்கள். பரிமாண வரைபடத்துக்கு இதைவிட நல்ல மாதிரி எங்கே தேடுவது? சுற்றுலா போவதென்றால், பிரெஞ்சுக் கோதிக் பாணியில் 1894-இல் கட்டப்பட்ட இடைக்காட்டூர் திருஇருதய ஆலயத்துக்கோ திருச்சி லூர்து மாதா ஆலயத்துக்கோ ஆளுக்கொரு தாளும் பென்சிலும் கொடுத்துக் கூட்டிப்போங்கள். வெகுதூரம் போக முடிந்தால் மங்களூர் புனித அலோசியஸ் கல்லூரிச் சிற்றாலயம். இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைச் சகோதரர் அந்தோனியோ மோஸ்கேனி 1899 வாக்கில் தொடங்கிச் சுவரும் கூரையும் நிறைய வரைந்த ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. கல்விக்கூடத்துக்குள் இப்படி ஓர் இடம் இருக்க முடியும் என்று பிள்ளைகள் பார்க்கட்டும்.

சமயப் படம் வரையச் சொன்னால் காலண்டர் படத்தைக் கட்டம் போட்டுப் பெரிதாக்குவார்கள். அதைத் தடுக்க மாஸ்டர் ஒரு வகுப்பு வைத்திருந்தார். கோவாவில் பிறந்த கத்தோலிக்க ஓவியர் ஆஞ்செலோ த ஃபொன்சேகா (1902-1967) சாந்திநிகேதனில் படித்தவர். மாதாவைச் சேலை உடுத்திய இந்தியப் பெண்ணாக வரைந்தார், அதற்காகச் சொந்த ஊரில் வசை வாங்கிப் புனேவுக்குப் போய்விட்டார். அவருடைய படங்களைக் காட்டிவிட்டு, வீரமாமுனிவர் எழுப்பிய கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோவிலின் சேலை கட்டிய மாதாவையும் காட்டி, "உங்க தெருவில மாதா வந்தா எப்படி இருப்பாங்க?" என்று கேட்பார். ஒரு மீனவக் குடும்பத்துப் பையன், தலையில் மீன்கூடையோடு பேருந்துக்கு நிற்கும் மாதாவை வரைந்தான். அருகில் கையைப் பிடித்தபடி ஒரு சின்னப் பையன். அந்தப் படம் வெகு நாள் தாளாளர் அறையில் மாட்டியிருந்தது. கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளுக்கு அன்று வேறு தலைப்பும் இருக்கும்: "உங்க தெருவில ஒரு அம்மா." இரண்டில் எதை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பாதிப் பேர் இரண்டாவதைத்தான் எடுத்தார்கள், கத்தோலிக்கப் பிள்ளைகள் உட்பட.

படி 10: தேர்வும் போட்டியும்

வகுப்பில் மதிப்பெண் போட வேண்டும் என்றால் திறமைக்குப் போடாதீர்கள், ஜூனில் இருந்த இடத்திலிருந்து எவ்வளவு நகர்ந்தான் என்பதற்குப் போடுங்கள். நோட்டில் எழுதிய குரல் எல்லையும், தேதி போட்டு வைத்த ஓவியத் தாள்களும் சாட்சிக்கு இருக்கும்.

விருப்பமுள்ள பிள்ளைகளுக்கு வெளித்தேர்வுகள் உண்டு. ஓவியத்தில் அரசின் லோயர், ஹையர் தேர்வுகள். பொருள் வரைதல், வடிவக் கணித வரைதல் எல்லாம் ஒழுங்காகப் பழக்கிவிடும். பின்னாளில் ஆசிரியர் வேலைக்கும் அடித்தளம். மேற்கத்திய இசைக்கு லண்டன் ட்ரினிட்டி, ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற இரண்டு பிரிட்டிஷ் அமைப்புகளின் தேர்வுகள் 8 நிலைகளில் நடக்கின்றன. ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மில் 6-ஆம் நிலை செய்முறைக்குப் போக 5-ஆம் நிலைக் கோட்பாட்டுத் தேர்வோ அதற்கு இணையாக ஏற்கப்படும் ஒன்றோ முடித்திருக்க வேண்டும், ட்ரினிட்டியில் அந்த நிபந்தனை இல்லை. கட்டணம் சாதாரணக் குடும்பத்துக்குக் கனமானது. எல்லாப் பிள்ளைகளையும் அதில் தள்ளிவிடாதீர்கள்.

போட்டிகளில் பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் நடத்தும் கலைத் திருவிழாவும், மத்திய அரசு 2015 முதல் நடத்தும் கலா உத்சவும் முக்கியம். உங்கள் வகைப் பள்ளி எதில் சேரலாம் என்பதை அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜவகர் சிறுவர் மன்றங்கள் மாவட்டங்களில் குறைந்த கட்டணத்தில் வகுப்பு நடத்துகின்றன, சனி ஞாயிறுக்கு அங்கே அனுப்பலாம்.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை "சார், நான் இதையே படிக்கலாமா?" என்று தயங்கிக் கேட்டால் வீட்டுக்குப் பயந்து மழுப்பாதீர்கள். 1850-இல் தொடங்கிய சென்னைக் கவின்கலைக் கல்லூரியும் கும்பகோணம் கல்லூரியும் பி.எஃப்.ஏ. (கவின்கலை இளங்கலை) பட்டம் தருகின்றன. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய இடங்களில் அரசு இசைக் கல்லூரிகள் உள்ளன. திறன் தேர்வு இருக்கும், ஆகவே ஜனவரியிலேயே தயாரிப்பைத் தொடங்க வேண்டும். பெற்றோரைப் பள்ளிக்கு வரவழைத்து, பிள்ளையின் படத்தையோ பாட்டையோ முதலில் காட்டிவிட்டு அப்புறம் பேச்சை எடுங்கள்.

படி 11: இப்போது ஆண்டு விழா

இத்தனையும் நடந்திருந்தால் ஆண்டு விழாவுக்குத் தனியாக எதுவும் தயாரிக்க வேண்டியிருக்காது. வகுப்பில் செய்ததையே மேடையேற்றுங்கள். ஒவ்வொரு ஆண்டும் ஏதாவது ஒரு பிரிவை முழுசாக, வருகைப் பதிவேட்டில் உள்ள அத்தனை பேரையும் நிறுத்திப் பாட வைக்க வேண்டும் என்று தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். "45 பேரா? அசிங்கமா இருக்குமே சார்" என்பார்கள். எங்கள் 8-பி பாடிய அன்று, பின்வரிசையில் மகரக்கட்டுப் பையன்கள் ஒன்பது பேர் 'ச'வையும் 'ப'வையும் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவனின் அப்பா இறங்கிப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவன் பாடுவான்னே எங்களுக்குத் தெரியாது சார்" என்றார்.

ஓவியங்களை மேடைக்குப் பின்னால் மாட்டாமல், பெற்றோர் உள்ளே வரும் நடைபாதையில் மாட்டுங்கள். சிறந்த இருபது என்று தேர்ந்தெடுக்காமல் ஆளுக்கு ஒன்று. கொடிக்கயிறும் துணிக் கிளிப்பும் போதும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. பதிப்புரிமைச் சட்டப்படி பள்ளியின் செயல்பாடாக ஆசிரியரும் மாணவரும் ஒரு பாட்டை மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புள்ளவர் மட்டும் உள்ள கூட்டத்தில் பாடுவதற்கு விலக்கு உண்டு. அதை அப்படியே யூடியூபில் ஏற்றுவதற்கு அந்த விலக்கு பொருந்தாது. பிள்ளைகளின் முகம் தெரியும் காணொளி என்றால் பெற்றோரின் அனுமதியும் வேண்டும். அப்புறம், டிசம்பர் குளிரில் இரவு ஒன்பது மணி வரை சின்னப் பிள்ளைகளை மேக்கப்போடு உட்கார வைக்காதீர்கள். ஆறாம் வகுப்பை முதலில் முடித்து வீட்டுக்கு அனுப்புங்கள்.

ஏப்ரலில் செய்ய வேண்டியவை

குரல் எல்லை நோட்டில் ஒவ்வொருவருக்கும் கடைசி வரியை எழுதுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் இடத்தில் வேறொருவர் வரலாம், அந்த நோட்டைப் பார்த்துத்தான் அவர் தொடங்குவார். ஓவியத் தாள்களைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பழைய பேப்பர்காரரிடம் போகக் கூடாது. வயலின் தந்திகளைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள். ஹார்மோனியத்துக்குள் அந்துருண்டை போட்டு, எலி புகாமல் துணி சுற்றுங்கள். கீபோர்டு, சுருதிப் பெட்டி இரண்டிலும் பேட்டரியைக் கழற்றி எடுங்கள், மே மாத வெக்கையில் கசிந்துவிடும். அலமாரியைப் பூட்டி, சாவியில் பெயர் எழுதிய அட்டையைக் கட்டி அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.